காணாத கமராவுக்கு முற்பணம்

பொருளைக் காணுமுன் காசைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது தமிழருக்குப் புதிய பழக்கமன்று. உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிடத் துணிந்தபோது அவர் கையிலே இருந்தவை ஏடுகளும் குறிப்புகளுந்தாம். காகிதத்துக்கும் அச்சுக்கூலிக்கும் பணமில்லை. தமிழன்பர்களிடம் கையொப்பம் வாங்கினார். சிலர் முன்கூட்டியே பணமும் கொடுத்துதவினர். 1887 ஆம் ஆண்டில் நூல் வெளிவந்தது. அக்காலத்துக் கையொப்பக்காரர் ஒவ்வொருவரையும் அந்நூலின் பிறப்பிலே ஒரு சிறு பங்காளி என்று சொல்லலாம். அவர்கள் கைகொடுத்திராவிடில் சிந்தாமணி இன்னும் எத்தனை ஆண்டு ஏட்டிலே கிடந்திருக்குமோ!

இன்று முற்பதிவு என்ற பெயரிலே உலகமெங்கும் நடப்பது வேறு சங்கதி. தொழிற்சாலையிலே பொருள் உருவாகிவிட்டது. நாம் பணங் கட்டினாலும் கட்டாவிட்டாலும் அது கப்பலேறத்தான் போகிறது. நாம் வாங்குவது வரிசையிலே ஓர் இடம்; அவ்வளவே. ஆயினும் அந்த இடத்துக்காக மனிதர் படுகிற பாடு சாமானியமானதன்று. நிக்கொன் நிறுவனத்தார் 2021 இல் இசட் 9 என்ற கமராவை அறிவித்தபோதும், பியூஜிபிலிம் நிறுவனத்தார் 2024 பெப்ரவரியில் எக்ஸ் 100 வரிசையிலே புதியதொன்றை அறிவித்தபோதும், எதிர்பார்த்ததினும் மிகுதியான ஆணைகள் குவிந்து, வாங்குவோரிடம் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கவேண்டி வந்தது. பசிக்கு அரிசி வாங்க நின்ற வரிசைகளை நாம் அறிவோம். இது பசியில்லாதார் நிற்கும் வரிசை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்த வரிசையிலே நானும் போய் நிற்பதா என்று இரண்டு கிழமை யோசித்தவன் ஆகையால், சிரிக்க எனக்கு உரிமையில்லை.

2024 யூன் 17 ஆம் திகதி, நிக்கொன் நிறுவனத்தின் இசட் 6 வரிசையிலே மூன்றாவது கமரா அறிவிக்கப்பட்டது. களுவாஞ்சிக்குடியிலே, ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியும் நெருக்க, நடுவே நீண்டு கிடக்கும் இந்த எழுவான்கரை மணலிலே இருந்துகொண்டு நான் அச்செய்தியைப் படித்தேன். கலியாணப் படம் பிடித்துப் பிழைப்பவனல்லேன், பள்ளிக்கூடத்து ஆசிரியன். எனக்கு அக்கருவி வேண்டியிருந்ததற்குக் காரணம் ஒன்றே: கூத்து.

வாவிக்கு அப்பால், படுவான்கரைக் கிராமமொன்றிலே, எண்பது வயதைத் தாண்டிய அண்ணாவியார் ஒருவர் அவ்வாண்டு ஒரு வடமோடிக் கூத்தைப் பழக்கிக்கொண்டிருந்தார். வேளாண்மை வெட்டி முடிந்ததும் சட்டங் கொடுத்தாயிற்று, சதங்கை அணிந்தாயிற்று, கிழமைக் கூத்துகளும் ஆடித் தீர்ந்தன. அடுக்குப் பார்த்தலும் அரங்கேற்றமுமே பாக்கி. ஆடிப் பூரணையை அண்டிய ஓரிரவு அரங்கேற்றத்துக்குக் குறிக்கப்பட்டிருந்தது. அவர் களரியின் நடுவே மத்தளத்தோடு நிற்பது அதுவே கடைசித் தடவையாகலாம் என்பதை எல்லாரும் உள்ளூர அறிந்திருந்தோம். வாய்விட்டு ஒருவரும் சொல்லவில்லை.

மட்டக்களப்புக் கூத்தைப் பற்றி எழுதப்பட்டவை குறைவல்ல. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962 இல் கர்ணன் போரையும் 1964 இல் இராவணேசனையும் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றி, கற்றோர் உலகத்தைக் கூத்தின்பால் திரும்பச் செய்தார். இராவணேசனாக ஆடிய சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பெரும் ஆய்வாகவே எழுதினார். பாட்டும் தாளக்கட்டும் ஆட்டவகையும் ஏட்டிலே ஏறிவிட்டன. ஆனால் ஏட்டிலே ஏறாத ஒன்றுண்டு. கரப்புடுப்பு அணிந்து முடிதாங்கிய அரசன், மத்தளம் உச்சத்துக்கு ஏறும்போது வட்டக்களரியிலே சுழன்று திரும்பி நிற்கிறானே, அந்தக் கணத்திலே அவன் முகத்தில் இருப்பது. அவன் பகலிலே வயற்காரன். அல்லது வாவியிலே தோணி தள்ளுபவன். அந்தக் கணத்திலே அவன் இரண்டுமல்லன். அதைப் படத்திலே பிடிக்க வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை.

என்னிடமிருந்தது பழைய வகைக் கமரா. அதிலே ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் 'டக்' என்றொரு சத்தம் எழும். விருத்தம் பாடும் வேளையிலே களரியோரத்திலிருந்து இச்சத்தம் கேட்டால் எப்படியிருக்கும்? அண்ணாவியார் ஒருநாள் சொல்லிவிட்டார்: "உன்ட பொட்டி டக்கு டக்கெண்டு தனித் தாளம் போடுது மனே. எங்கட பொடியன் எதைக் கேட்டு மிதிக்கிறது?"

அச்சத்தத்துக்குக் காரணம் உள்ளேயிருக்கும் ஒரு சிறு முகக்கண்ணாடி. வில்லை வழியாக வரும் ஒளியை மேலே திருப்பி, ஐங்கோணப் பட்டகம் ஒன்றின் ஊடாக நம் கண்ணுக்கு அனுப்புவது அதன் வேலை. படம் எடுக்கும் கணத்திலே அக்கண்ணாடி மேலே துள்ளி வழிவிட வேண்டும். பின்பு பழைய இடத்துக்கு விழவேண்டும். துள்ளலும் விழுதலுமே நாம் கேட்கும் சத்தத்தின் பெரும்பகுதி. புதிய வகையிலே கண்ணாடி கிடையாது. ஒளியை உணரும் தகடு தான் காண்பதை நேரே ஒரு சிறு மின்திரையிலே காட்டுகிறது. நாம் பார்ப்பது அத்திரையை. மிரர்லெஸ் கமரா என்று கடைக்காரர் சொல்வது இதைத்தான். கண்ணாடியில்லாக் கமரா என்று நான் சொல்வேன்.

கண்ணாடி இல்லாமை ஏதோ நேற்றைய கண்டுபிடிப்பென்று எண்ணிவிடக் கூடாது. 1925 இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரச் சந்தையிலே காட்சிக்கு வந்த லைக்காவிலும் கண்ணாடி கிடையாது. 1936 இல் கினே எக்சாக்டா அதைச் சிறு படச்சுருள் கமராவுக்குள்ளே கொண்டுவந்தது. தானாகவே உடனே திரும்பி விழும் கண்ணாடியை 1954 இல் யப்பானிய அசாகிபிளெக்ஸ் சேர்த்தது. 1959 இல் வந்த நிக்கொன் எஃப் அவ்வகையை உலகத்துப் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் கைகளிலே நிலைநாட்டிற்று. பின் ஐம்பதாண்டு கண்ணாடியின் காலம். வில்லை மாற்றக்கூடிய கண்ணாடியில்லாக் கமராக்களிலே புதிய தலைமுறையைத் தொடக்கிவைத்தது 2008 இல் வந்த பனசொனிக் ஜி 1. ஆக, போன கண்ணாடி வந்து, வந்த கண்ணாடி போயிற்று. நம் நாட்டிலே லைக்காவைக் கையாண்ட லயனல் வென்ட் 1944 இல் மறைந்தார். அவர் எடுத்த படங்களிற் சில இன்றும் பார்ப்பவரைத் தடுத்து நிறுத்துகின்றன. புதிய கருவி வேண்டும் என்று நெஞ்சு அரிக்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வது எனக்கு வழக்கம். அரிப்பு நின்றுவிடுகிறது என்று சொல்லமாட்டேன்.

இனி அப்புதிய கமராவிலே எனக்கு வேண்டியது என்ன இருந்தது என்று சொல்கிறேன். முதலாவது மௌனம். கண்ணாடி போன பின்னும் கமராவுக்குள்ளே ஒளிக்கதவு ஒன்று உண்டு. அதற்கும் சிறு சத்தம் உண்டு. அதை அசைக்காமலே, தகட்டை மின்வழியாற் படித்துச் சத்தமின்றிப் படம் எடுக்கலாம். ஆனால் இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பெரும்பாலான கமராக்களிலே தகட்டை ஒரே கணத்திற் படிக்க முடியாது. மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கவேண்டும். படித்து முடியுமுன் ஆட்டக்காரன் பாதி திரும்பிவிட்டால், படத்திலே அவன் கைவாள் வளைந்து போகும். அதைவிடக் கொடுமை விளக்குகளாலே வருவது. தீப்பந்தமும் எண்ணெய் விளக்கும் பெற்றோமக்சும் போய், இப்பொழுது களரியைச் சுற்றி எல்.ஈ.டி. விளக்குகள். நம் மின்சாரம் செக்கனுக்கு 50 அலைவுகள் உடையதாகையால், மலிவான விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை துடிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அத்துடிப்பு, வரிவரியாகப் படிக்கும் தகட்டிலே கறுப்புப் பட்டைகளாக விழுந்துவிடும். அரசன் முகத்துக்குக் குறுக்கே ஒரு பட்டை விழுந்தால் அந்தப் படத்தை என்ன செய்வது?

புதிய கமராவின் தகடு, இரண்டாம் கமராவினுடையதைவிட ஏறத்தாழ 3.5 மடங்கு விரைவாகப் படிக்கும் என்று நிறுவனத்தார் அறிவித்தனர். மிக மங்கிய இருளிலும் தானாகக் குவியம் பிடிக்கும் என்றனர். இரண்டும் கூத்துக்கென்றே செய்தவைபோலத் தோன்றின. பின்னர்ப் பரிசோதித்தோர் சிலர், வேகத்தைக் கூட்டியதனால் மிகக் குறைந்த உணர்திறனிலே நிழற்பகுதிகளின் தெளிவு முந்திய கமராவைவிடச் சிறிது குறைந்துவிட்டது என்று அளந்து காட்டினர். பட்டப்பகலில் மலைக்காட்சி பிடிப்போருக்கு அது கவலை தரலாம். இரவிலே உணர்திறனை உயர்த்தி வைத்துக்கொண்டு கூத்துப் பிடிப்பவனுக்கு அதனால் நட்டமில்லை.

விலை? அமெரிக்காவிலே வில்லை நீங்கலாக ஏறத்தாழ 2,500 டொலர். அப்பொழுது டொலர் ஒன்று 300 ரூபாயைச் சற்றுத் தாண்டி நின்றது. ஏழரை இலட்சம் ரூபா. அதன்மேல் அவ்வாண்டு தை முதல் 18 வீதமாக உயர்ந்த பெறுமதி சேர் வரி. கைக்கு வந்துசேரும் என் ஓராண்டுச் சம்பளத்தை அது விழுங்கிவிடும். இலங்கையர்க்கு இதிலே இன்னொரு பயமும் உண்டு. 2022 மாசியிலே ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், வைகாசியிலே 360 ஆயிற்று. அந்த ஆண்டைக் கண்டவன், வரப்போகும் பொருளுக்கு இன்றைய விலையிலே வாக்குறுதி கேட்பதை நிறுத்திக்கொண்டான்.

கொழும்பிலே ஒரு கடைக்காரரோடு தொலைபேசியிலே பேசினேன். மரியாதையான மனிதர். முற்பணத்தில் நான்கிலொரு பங்கு கட்டினால் முதல் வரவிலே ஒன்றை எனக்கு ஒதுக்குவதாகச் சொன்னார். முதல் வரவு எப்பொழுது என்று கேட்டேன். ஆடியாகலாம், புரட்டாதியுமாகலாம் என்றார். டொலர் ஏறினால்? வித்தியாசத்தை நான் கட்டவேண்டும். இறங்கினால்? அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பிலே வஞ்சகம் இருந்ததாக நான் எண்ணவில்லை. தன் கையிலே இல்லாததற்கு அவர் எப்படி வாக்குக் கொடுப்பார்?

முதல் வரவுப் பொருளைப் பற்றிய மற்றொரு நினைவும் என்னை உறுத்திற்று. 2012 இல் வெளிவந்த நிக்கொன் டி 600 என்ற கமராவிலே, தகட்டின்மேல் எண்ணெயும் தூசியும் புள்ளிகளாகப் படிவதாக வாங்கியோர் முறையிட்டனர். ஓராண்டு கழிந்ததும் டி 610 என்ற திருத்திய கமரா வந்தது. பழையதைப் பின்னர் இலவசமாகவே பழுதுபார்த்துக் கொடுத்தார்கள் என்பது உண்மை. 2020 யூலையிலே கெனன் நிறுவனத்தார் ஆர் 5 ஐ அறிவித்தபோது, நெடுநேரம் உயர்தரச் சலனப்படம் எடுத்தால் அது சூடேறி நின்றுவிடும் என்பதே ஊர்ப்பேச்சாயிற்று. அடுத்த மாதமே உள்மென்பொருளை மாற்றி ஓரளவு சீர்செய்தனர். இவை நேர்மையற்ற நிறுவனங்கள் என்பதன்று என் கருத்து. எந்தப் புதுப் பொருளிலும் ஆயிரக்கணக்கானோர் கைபட்ட பிறகே சில குறைகள் வெளிப்படும். தோக்கியோவில் இருப்பவன் குறை கண்டால் மறுநாள் பழுதுபார்க்கும் இடத்துக்குக் கொண்டுபோவான். களுவாஞ்சிக்குடியில் இருப்பவன் கொழும்புக்கு அனுப்பவேண்டும். அங்கிருந்து கடல்கடந்து போகவேண்டியதாயின் எத்தனை மாதமோ! அதற்கிடையிலே உப்புக்காற்றும் ஈரமும் வேறு. இந்தக் கரையிலே வில்லைக்குள் பூஞ்சணம் படராமற் காப்பதே தனி உத்தியோகம். காற்றுப் புகாத பெட்டியும், அதற்குள்ளே ஈரமுறிஞ்சும் பொட்டலமும் இல்லாதவன் இங்கே விலையுயர்ந்த கருவி வாங்கலாகாது.

மின்கலம் பற்றியும் ஒரு வார்த்தை. கண்ணாடி வகையிலே நிக்கொன் டி 850 ஒரு மின்கலத்தில் 1,840 படம் எடுக்கும் என்பது கைத்தொழிற் சங்கத்தின் அளவை. புதிய இசட் 6 க்கு, மின்திரை வழியாகப் பார்த்தால், அதே அளவை 360. கூத்தோ விடிய விடிய. ஒன்றுக்கு மூன்று மின்கலம் வேண்டும். அவற்றின் விலையை விளம்பரத்திலே யாரும் கூட்டிக் காட்டுவதில்லை.

இவ்வளவும் யோசித்த பின்னும் ஆசை விட்டபாடில்லை. கடைசியிலே என்னைத் தெளிய வைத்தது ஒரு சிறு கணக்கு. கமராவோடு சேர்த்து விற்கப்படும் சாதாரண வில்லையின் வாய் எஃப் 4 அளவுக்குத்தான் திறக்கும். எஃப் 1.8 அளவுக்குத் திறக்கும் 50 மில்லிமீற்றர் வில்லையை மாட்டினால், தகட்டுக்கு வரும் ஒளி ஏறத்தாழ ஐந்து மடங்கு. நான்கை 1.8 ஆற் பிரித்து, விடையை அதனாலேயே பெருக்கிப் பாருங்கள். ஒரு தலைமுறைக் கமராவுக்கும் அடுத்த தலைமுறைக் கமராவுக்கும் இடையிலே இருட்டில் ஐந்து மடங்கு முன்னேற்றம் காண்பது அரிது. ஆகவே, என் இருளை வெல்வதற்கு வழி புதிய கமராவிலன்று, அகன்ற வில்லையிலே இருந்தது. அதன் விலையும் கமராவின் விலையிலே ஒரு சிறு பங்கே.

மறுநாள் குருமண்வெளித் துறையிலே மிதவையேறி அக்கரைக்குப் போனேன். அண்ணாவியாரிடம் விஷயத்தைச் சொல்லி, கருவி வருவது புரட்டாதி வரை தாமதித்தால் அரங்கேற்றத்தைச் சற்றுத் தள்ளலாமோ என்று விளையாட்டாகக் கேட்டுப் பார்த்தேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "நாள் குறிச்சாச்சு மனே. உன்ட பொட்டி வருமட்டும் இந்த மூச்சு நிக்குமெண்டு நான் யாருக்கும் கையெழுத்து வைக்கல."

முற்பணம் கட்டவில்லை. ஊரிலே கலியாணப் படம் பிடிக்கும் தம்பி ஒருவரிடம் 2020 இல் வெளிவந்த இரண்டாம் இசட் 6 இருந்தது. இரண்டு இரவுக்கு வாடகை பேசினேன். வில்லையை மட்டும் சொந்தமாக வாங்கினேன். (கலியாணப் படம் பிடிக்கும் தம்பி மட்டும் அப்புதிய கமராவுக்கு முற்பதிவு செய்துவிட்டார். அது அவர் தொழில். ஒரு பருவத்துக் கலியாணங்களிலே போட்ட முதலை எடுத்துவிடுவார். அவருக்கும் எனக்கும் ஒரே நியாயம் பொருந்தாது.)

அடுக்குப் பார்த்த இரவிலே கருவியைப் பழகிக்கொண்டேன். மத்தளமும் சல்லாரியும் உச்சத்திலே நிற்கும்போது ஒளிக்கதவை இயங்கவிட்டேன், அச்சத்தம் என் காதுக்கே கேட்கவில்லை, பட்டையும் விழவில்லை, வாளும் வளையவில்லை. தாளம் ஓய்ந்து விருத்தம் எழும்போது மௌனத்துக்கு மாற்றினேன். விருத்தம் பாடுபவன் நின்று பாடுகிறான். அங்கே வேகம் தேவையில்லை. பட்டை விழாதபடி விளக்குத் துடிப்புக்கு ஒத்த நூறிலொரு செக்கன் வேகத்தை வைத்துக்கொண்டேன். கூத்தின் ஓட்டத்தை அறிந்தவனுக்குப் பழைய கமராவின் குறை பாதியாகிவிடுகிறது.

அரங்கேற்றம் பூரண நிலவிலே நடந்தது. கட்டியகாரன் வரவு முடிந்து, வெள்ளை பிடித்து அரசனைக் களரிக்குக் கொண்டுவந்தபோது நடுச்சாமம். விடியுமுன் ஏறத்தாழ 700 படங்கள் எடுத்தேன். அவற்றிலே வைத்துக்கொள்ளத் தக்கவை நாற்பது இருக்கலாம். ஒன்றிலே, சுழன்று நிற்கும் அரசன் சற்றுக் கலங்கியிருக்கிறான். அவனுக்குப் பின்னே மத்தளத்தில் ஓங்கிய கையோடு அண்ணாவியார் மிகத் தெளிவாக விழுந்திருக்கிறார். நான் குவியம் வைத்தது அரசன்மேல். கமரா கிழவரைத் தேடிப் பிடித்துக்கொண்டது. புதிய கமராவாயிருந்தால் அரசனையே விடாமற் பிடித்திருக்கும் என்று அந்தத் தம்பி சொல்கிறார். இருக்கலாம்.

அக்கூத்தின் மூல ஏடு 1978 கார்த்திகைச் சூறாவளியிலே கூரையோடு போயிற்று. பின்பு அண்ணாவியார் தம் நினைவிலிருந்து மூன்று கொப்பிகளிலே எழுதிவைத்தார். அவற்றை அச்சிடுவதென்று கிராமத்தார் இப்பொழுது முடிவு செய்திருக்கிறார்கள். அச்சகத்தார் முற்பணமின்றி வேலை தொடங்கமாட்டார் என்பதால், பிரதிக்கு இவ்வளவென்று வைத்து ஒரு கையொப்பப் பட்டியல் இரு கரையிலும் சுற்றிவருகிறது. களுவாஞ்சிக்குடியிலே பெயர் சேர்க்கும் பொறுப்பு எனக்கு. பட்டியலை அண்ணாவியாரிடம் காட்டினேன். ஒவ்வொரு பெயராக வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மடியிலிருந்து காசை எடுத்துத் தமக்கும் ஒரு பிரதி என்றார். காசை எவ்வளவு மறுத்தும் திரும்ப வாங்கவில்லை.